ஓட்டல் விமர்சனத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அம்மா பதினாறு வருஷம் மெஸ் நடத்தினார். கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் வருகிறவர்கள்தான் வாடிக்கை. லீவு நாளில் கல்லாவில் உட்காருவது என் வேலை. பிறகு புதுச்சேரிக்குக் குடிவந்து, இரண்டு ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியும் பதினோரு வருஷமாக எழுதிவருகிறேன். பரிமாறும் பக்கமும் நின்றிருக்கிறேன், இலைக்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, பார்க்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், விமர்சகர் சொல்வதை நம்பலாமா?

அவர் இலையில் விழுந்தது எப்படி இருந்தது என்று சொன்னால் நம்பலாம். அந்தக் கடையே எப்படி என்று சொன்னால், எத்தனை தடவை, எந்த நாளில், எந்த நேரத்தில் போனார் என்று பார்த்துவிட்டு நம்பலாம். உங்களுக்குப் பிடிக்கும் என்று சொன்னால், அவருடைய நாக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்த பிறகுதான் நம்பலாம்.

அவர் நாக்கு எப்படிப்பட்டது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுக் கடையைப் பற்றி அவர் எழுதியதை முதலில் படிக்காதீர்கள். நீங்கள் பத்து வருஷமாகச் சாப்பிடும் கடையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள். அந்தக் கடைச் சாம்பாரில் வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்று உங்களுக்குத் தெரியும். அதை அவர் பிரமாதம் என்று எழுதியிருந்தால் அவருக்கு இனிப்பு நாக்கு. அதற்காக அவரைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை அவர் ஒரு வத்தக்குழம்பைப் புகழும்போது, இதிலும் வெல்லம் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

வில்லியனூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறார். "நீங்க காரம் பத்தலைன்னு எழுதுற கடைக்குத்தான் தம்பி நான் பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவேன்" என்று ஒரு நாள் சொன்னார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதை முதலில் வைப்பேன். கடலூர் மீன்குழம்பில் பழகிய நாக்கு என்னுடையது. உறைப்பு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அவர் அதைக் கழித்துவிட்டு என்னைப் படிக்கிறார். எப்போதும் ஒரே பக்கமாக உங்களோடு மாறுபடுகிற விமர்சகரை இப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு வாரம் காரத்தைக் குறை சொல்லி, மறுவாரம் அதே காரத்தைப் புகழ்கிறவரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே தடவை சாப்பிட்டுவிட்டு எழுதினால் என்ன தப்பு?

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஒரு அம்மா மீன் சாப்பாட்டுக் கடை நடத்தினார். பெயர்ப் பலகைகூட இல்லாத கடை. நண்பர் சொன்னார் என்று ஒரு மே மாதப் பகலில் போய் உட்கார்ந்து, சாப்பாட்டோடு சுறாப்புட்டும் வாங்கினேன். உதிர் உதிராக, மஞ்சள் ஏறி, பொடியாக அரிந்த வெங்காயமும் பூண்டும் பச்சைமிளகாயும் கலந்து, பார்க்க நன்றாகவே இருந்தது. வாயில் வைத்ததும் மூக்கில் சுருக்கென்று ஒரு வாடை ஏறியது. இரண்டாவது வாய் எடுக்க முடியவில்லை. புட்டு பழசு, மீன் வாங்குவதில் இவர்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதினேன்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படவில்லை. "தடைக்காலத்துல வந்து சாப்டுட்டு எழுதிட்டியே தம்பி. போட்டே போவாதப்ப சுறாவுக்கு நான் எங்க போவேன்? வர்றவங்க புட்டு புட்டுன்னு கேக்குறாங்கன்னு ஐஸ் மீன வாங்கிப் போட்டேன்" என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக விட்ட காலம் அது. பைபர் படகிலும் கட்டுமரத்திலும் கரையோரம் கிடைப்பது மட்டும் வரும், அதுவும் நெருப்பு விலைக்கு. மற்றதெல்லாம் ஐஸில் கிடந்து வெளியூரிலிருந்து வருவது. சுறாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் சதையில் இயற்கையாகவே யூரியா இருக்கிறது. பிடித்து நாளாக ஆக அது அம்மோனியாவாக மாறும். என் மூக்கில் ஏறிய வாடை அதுதான். கடலூர்க்காரனான எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் புட்டு நன்றாக இல்லை என்று எழுதியது உண்மைதான். "அக்கறை இல்லை" என்று எழுதினேனே, அதை நான் சாப்பிடவில்லை, நானாக ஊகித்தேன். ஐஸ் மீன் என்று அவர் சொல்லியிருக்கலாம், நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜூலையில் மூன்று தடவை போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திருத்தி எழுதினேன். முதல் கட்டுரையைப் படித்தவர்கள் எல்லாரும் இரண்டாவதையும் படித்திருப்பார்களா என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

இதிலிருந்து வாசகர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது. சாதம் குழைந்திருந்தது, மீனில் வாடை அடித்தது, தோசை ஆறிப்போய் வந்தது என்று விமர்சகர் எழுதும்வரை கூடவே நடங்கள். அலட்சியம், பேராசை, மனசே இல்லாத சமையல் என்று கடைக்காரரின் உள்ளத்துக்குள் அவர் நுழையும் இடத்தில் நின்றுவிடுங்கள். அங்கே அவருக்கு உங்களைவிட ஒன்றும் கூடத் தெரியாது.

அப்படியானால் எத்தனை தடவை போக வேண்டும்?

நியூயார்க் டைம்ஸ் மாதிரி இதை ஒரு தொழிலாக நடத்தும் பத்திரிகைகளில் குறைந்தது மூன்று தடவை போவது வழக்கம், பில் பத்திரிகையின் செலவு. நம் ஊரில் அந்தச் செலவை யாரும் தரமாட்டார்கள். ஆனால் நாளை மாற்றிப் போவதற்குச் செலவில்லை. புதுச்சேரி ஒயிட் டவுனில் சனி, ஞாயிறு சென்னைக் கூட்டமும் பெங்களூர் கூட்டமும் வந்து இறங்கும். அன்று அடுப்படியில் இருப்பது வேறு கடை. அதே மாஸ்டர் செவ்வாய்க்கிழமை செய்யும் குழம்பைச் சாப்பிட்டுப் பாருங்கள். மெஸ் என்றால் நேரமும் முக்கியம். பன்னிரண்டரைக்கு விட்ட சாம்பாரும் இரண்டே காலுக்கு, கூட்டம் எதிர்பாராமல் வந்து, வெந்நீர் விட்டு இழுத்த சாம்பாரும் ஒன்றாகாது. எங்கள் மெஸ்ஸிலும் வெந்நீர் விட்ட நாள்கள் உண்டு. எப்போது போனேன் என்று சொல்லாத விமர்சனத்தில் பாதித் தகவல் குறைவு.

முகம் தெரிந்த விமர்சகருக்குக் கடைக்காரர் தனியாகக் கவனிப்பார்களே?

கவனிப்பார்கள். 1993-ல் நியூயார்க் டைம்ஸின் விமர்சகர் ரூத் ரைக்கல், 'லெ சர்க்' என்ற பெரிய உணவகத்துக்கு வேஷம் போட்டுக்கொண்டு சாதாரணப் பெண்மணியாகப் போனார். காக்க வைத்தார்கள், நல்ல இடம் கொடுக்கவில்லை, ஏனோதானோ என்று நடத்தினார்கள். பிறகு அடையாளம் தெரிந்து போனபோது ராஜோபசாரம் நடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி, நான்கு நட்சத்திரத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார். அந்தக் கட்டுரையின் பலமே, இரண்டு பேர் இரண்டு உணவகத்தில் சாப்பிட்ட மாதிரி இருந்ததுதான்.

மறுபக்கமும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் ஜோனதன் கோல்ட், உணவக விமர்சனத்துக்காக, அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வாங்கிய முதல் ஆள் (2007). பெரிய ஓட்டல்களோடு, குடியேறிய மக்கள் நடத்தும் சின்னச் சின்னக் கடைகளையும் தேடித் தேடி எழுதியவர். முகம் எல்லாருக்கும் தெரிந்துபோனதே, இனி என்ன மறைவு என்று 2015-ல் வெளிப்படையாகவே தன் முகத்தைக் காட்டிவிட்டார். அதனால் அவர் எழுத்தின் மதிப்பு குறையவில்லை.

கடலூரில் என் முகம் தெரியாத கடை குறைவு. தெரிந்தால் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று கல்லாவில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். பதினோரு மணிக்குக் கொதித்து இறக்கிய குழம்பை என்னைக் கண்டதும் திருத்த முடியாது. அரிசி மாறாது. புளி மாறாது. வஞ்சிரத்தில் நடுத்துண்டு கிடைக்கும், தோசை கல்லிலிருந்து நேராக வரும், கேட்காமலே இரண்டாவது அப்பளம் விழும். ஆகவே முகம் தெரிந்தவர் குழம்பைப் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள், கவனிப்பைப் பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள். நல்ல விமர்சகர் தன் இலையைவிடப் பக்கத்து இலையைத்தான் அதிகம் பார்ப்பார்.

இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு ரீல்ஸ் போடுகிறவர்களை?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாம். ஒருவர் உட்காரவைத்து, குடும்பத்தோடு உபசரித்து, பில் வேண்டாம் என்று சொன்ன பிறகு, மீனில் உப்பு பத்தவில்லை என்று எழுதக் கை வராது. அதைக் கெட்ட குணம் என்றுகூட நான் சொல்லமாட்டேன், நன்றி அது. நன்றியோடு எழுதியதை விமர்சனம் என்று கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். எழுத ஆரம்பித்த புதிதில் ஒரு கடைக்காரர் அழைப்பில் நானும் அப்படிச் சாப்பிட்டேன். இறால் ரப்பர் மாதிரி இருந்தது. கட்டுரையில் இறாலைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பில் கட்டாமல் சாப்பிட்ட கடையைப் பற்றி எழுதுவதில்லை.

சட்டமும் இதைத் தொடுகிறது. பணம், ஓசிச் சாப்பாடு, ஓட்டல் ரூம், தள்ளுபடி எது வாங்கியிருந்தாலும் அதை எல்லாருக்கும் புரிகிற மாதிரி, வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. கொலாப், பார்ட்னர்ஷிப் என்று மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் அந்த வீடியோவை மெனு கார்டாக எடுத்துக்கொள்ளலாம். கடை எங்கே இருக்கிறது, என்ன கிடைக்கும், என்ன விலை என்று தெரியும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். முதல் வாய் வைத்த அரை நொடியில் கண்ணை மூடி "வேற லெவல்" என்கிறவரைக் கவனியுங்கள். வாயில் போட்டதை அவர் இன்னும் மெல்லவே இல்லை.

ஆன்லைன் நட்சத்திரங்கள்? நூறு பேர் சொல்வது ஒருவர் சொல்வதைவிட மேல் இல்லையா?

நூறு பேரும் உண்மையில் சாப்பிட்டிருந்தால் மேல்தான். 2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் விமர்சனத் தளத்தில் பதிந்தார். சாப்பாடே கிடையாது. நண்பர்களை வைத்துப் பொய் விமர்சனங்கள் எழுதவைத்தார். ஆறேழு மாதத்தில் அந்தக் கொட்டகை லண்டனின் முதலிடத்து உணவகம் ஆகிவிட்டது. பலரும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதங்களில் அதற்குக் கீழே இருந்த கடைகளில் எத்தனை பேர் விடியற்காலையில் எழுந்து காய் நறுக்கியிருப்பார்கள்?

நட்சத்திரத்துக்குக் காசு மதிப்பு இருக்கிறது, பொய் வருவது அதனால்தான். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா 2011-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து, எல்ப் என்ற விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். அந்தப் பலன் தனிக் கடைகளுக்குத்தான். பெரிய சங்கிலி ஓட்டல்களுக்கு நட்சத்திரம் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் தெரியவில்லை. மஞ்சக்குப்பத்து மெஸ்ஸைத்தான் நட்சத்திரம் தூக்கும், சாய்க்கும். இந்தியாவில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000 என்று ஒரு தரவிதி கொண்டுவந்தது. காசுக்கு வாங்கிய விமர்சனம் கூடாது, எழுதியவர் நிஜ ஆளா என்று சரிபார்க்க வேண்டும் என்கிறது. கட்டாயம் இல்லை, விரும்பிய தளங்கள் பின்பற்றலாம்.

நான் ஐந்து நட்சத்திரத்தையும் படிப்பதில்லை, ஒன்றையும் படிப்பதில்லை. ஒன்று போட்டவர்களில் பாதிப் பேருக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை, அல்லது பார்சல் லேட். மூன்று போட்டவர்களைப் படியுங்கள். "கொத்துபரோட்டா நல்லா இருந்துச்சு, சால்னா தண்ணி" என்று எழுதுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

தேர்ந்த நாக்கும் ஏமாறுமா?

ஏமாறும், அதுவும் கண்ணால். பிரான்ஸில் போர்தோவில் வைன் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அதற்கும் சொன்னார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. 2019-ல் பிரெஞ்சுச் சமையல்காரர் மார்க் வேரா, உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிச்செலின் கையேட்டின் மீதே வழக்குப் போட்டார். தன் சூஃப்லேயில் (முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் பதார்த்தம்) குங்குமப்பூவால் வந்த மஞ்சளைப் பார்த்து, ஆங்கிலேயச் செடார் சீஸ் போட்டதாக நினைத்து நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். கோர்ட் அதை ஏற்கவில்லை. யார் சரி என்பது இருக்கட்டும். நம் தெருவில் தந்தூரிச் சிக்கனுக்கு அந்தச் சிவப்பு எதற்காக ஏற்றுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிவந்திருந்தால் காரமாக இருக்கும் என்று கண் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

விமர்சகர் நிறத்தைப் பற்றி நாலு வரியும் வாசனையைப் பற்றி ஒன்றும் இல்லாமலும் எழுதியிருந்தால் அவர் போட்டோவைத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்குமே ஒரே சாம்பார் வேறு ருசியாக இருக்கிறது. பிறகு விமர்சகர் எதற்கு?

உண்மைதான். கசப்பை உணரும் திறன் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும், அதற்கு மரபணுக் காரணமே கண்டுபிடித்திருக்கிறார்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை, வயதானால் மூக்கு மங்கும். கொரோனாவில் மணம் போனவர்களைக் கேளுங்கள், ரசம் வெறும் புளிப்புத் தண்ணீராகத் தெரிந்தது என்பார்கள். அதனால்தான் "அருமை", "சுமார்" என்பவை யாருக்கும் உதவாது. பருப்பு கரைந்திருந்ததா, பெருங்காயம் முன்னால் நின்றதா, காய் குழைந்ததா என்று சொன்னால் உங்கள் நாக்குக்கு நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

மிச்செலின் நட்சத்திரம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

அது எதற்காக வந்தது என்று பாருங்கள். மிச்செலின் டயர் கம்பெனி. கார்க்காரர்கள் நிறைய ஊர் சுற்றினால் டயர் தேயும் என்று 1900-ல் இலவசக் கையேடாக ஆரம்பித்தார்கள். உணவகத்துக்கு நட்சத்திரம் 1926-ல் வந்தது. இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை விட்டு விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம் என்று பொருள். வழிப்போக்கருக்கான அளவுகோல் அது. தினம் மதியம் 1 மணிக்குப் பசிக்கிற உள்ளூர்க்காரருக்கு, பாக்கெட்டுக்கு அடங்கி, வயிற்றைக் கெடுக்காமல், அலுக்காமல் இருக்கிற கடை வேண்டும். அதற்கு எந்த நட்சத்திரமும் கிடையாது.

புதுச்சேரிக் கடைகளைப் பற்றி அவ்வளவு எழுத்து இருப்பதும், இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் கடலூரைப் பற்றி இல்லாததும் இதனால்தான். புதுச்சேரிக்கு வழிப்போக்கர்கள் வருகிறார்கள். திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவின் டிபன் கடைகளைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. விமர்சனம் இல்லை என்பதற்காக அங்கே சமையல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்படியானால் விமர்சகர் எந்த இடத்தில் நிஜமாகவே உதவுவார்?

உங்களுக்குப் பழக்கமில்லாத சமையலில். பிரெஞ்சுக் கையும் தமிழ்க் கையும் கலந்த புதுச்சேரிக் கிரியோல் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாம் இடித்துக் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைக்கிற நம் வடவம், பிரெஞ்சுக்காரர்கள் வாயில் 'வதூவான்' ஆகி பாரீஸ் சமையலறைகளுக்குப் போயிருக்கிறது. சைகோனில் பிரெஞ்சு அரசாங்க வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களோடு, உள்ளே பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் வியட்நாமின் 'நெம்' நம் ஊர் வீடுகளுக்குள் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ரவையும் முந்திரியும் ரம்மில் ஊறிய திராட்சையும் சேர்த்து விவிகம் கேக் செய்வார்கள். பெரும்பாலும் வீட்டுச் சமையல் இது. ஓட்டல் மெனுவில் கிரியோல் என்று போட்டுவிட்டு, தேங்காய்ப்பாலில் கறிமசாலா போட்டுக் கொடுத்தால் வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? வடவத்தின் அந்த ஊறிய, லேசான கசப்பு மணம் குழம்பில் இருந்ததா என்று சொல்ல, அந்த வீடுகளில் சாப்பிட்ட ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர் எழுதினால் நான் காசு கொடுத்துப் படிப்பேன்.

தெரியாமல் எழுதுவதும் நடக்கிறது. சிதம்பரம் கொத்சைச் சாப்பிட்டுவிட்டு, கத்திரிக்காய் மசிந்து போய்விட்டது, காய் முழுசாக இல்லை என்று ஒருவர் எழுதியதைப் படித்தேன். கொத்சு என்றாலே கத்திரிக்காயை மசிப்பதுதான். புளியும் வறுத்து அரைத்த மல்லி, மிளகாயும் நல்லெண்ணெயும் அதற்குள் ஏற வேண்டுமே! அந்தப் பதார்த்தம் எப்படி இருக்க வேண்டும் என்று விமர்சகருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதை அவர் எழுத்திலேயே பார்த்துவிடலாம்.

சுத்தத்தைப் பற்றி விமர்சகர் சொல்வது?

மேஜையைத்தான் பார்த்திருப்பார், அடுப்படியைப் பார்த்திருக்கமாட்டார். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். வயிற்றைக் கெடுத்த கடை என்றால் விமர்சனம் எழுதிக்கொண்டிருக்காமல் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுங்கள்.

நான் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் அநியாயமாக எழுதிவிட்டார். என்ன செய்வது?

முதல் நாள் ஒன்றும் செய்யாதீர்கள். ராத்திரி தூக்கம் வராது, தெரியும். எங்கள் மெஸ்ஸைப் பற்றி யாரோ ஒரு வக்கீல் நாலு பேர் முன்னால் கேவலமாகச் சொல்லிவிட்டுப் போன அன்று அம்மா சாப்பிடவே இல்லை. மறுநாள் ஒரே ஒரு தடவை, மரியாதையாக, விவரத்தோடு பதில் எழுதுங்கள். அன்று என்ன நடந்தது, இப்போது என்ன மாற்றியிருக்கிறோம் என்று மட்டும். மச்சான், மாமன் பெயரில் ஐந்து நட்சத்திரம் போடவைக்காதீர்கள். ஒரே ராத்திரியில் பத்துப் புகழுரை வந்தால் படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும், அதற்கப்புறம் நிஜமாகப் புகழ்ந்தவர்களையும் நம்பமாட்டார்கள்.

அவர் எழுதியது உண்மையா என்று பார்க்க உங்கள் கடையிலேயே வழி இருக்கிறது. அம்மா அதைத்தான் செய்வார். பந்தி முடிந்ததும் இலை எடுக்கும் பையனைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு இலையாகப் பிரித்துக் காட்டச் சொல்வார். பொரியல் அப்படியே இருக்கிறதா, கூட்டு ஓரமாக ஒதுக்கியிருக்கிறதா, சாதம் மிஞ்சியதா, மோர் சாதத்துக்கு ஊறுகாய் தீர்ந்ததா. "நல்லா இருந்துச்சும்மான்னு கல்லாவுல எல்லாரும்தான் சொல்லுவாங்க. இலையைப் பாரு" என்பார். அந்த வக்கீல் குறை சொன்னது அவரைக்காய்க் கூட்டை. மறுநாள் தொட்டியில் பார்த்தால் பதினேழு இலையில் கூட்டு தொடாமல் கிடந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே காய்க்காரரை மாற்றினார்.

ரோட்டோர ஆயாக் கடையை மோசம் என்று எழுதலாமா?

நான் எழுதமாட்டேன். ஒரு ஆளாக நின்று இட்லி ஊற்றுகிறவரிடம் நேராகப் போய், "ஆயா, சட்னி புளிச்சிருச்சு" என்று சொல்வேன். அவருக்குப் பதில் சொல்ல பேஸ்புக் கணக்கு இல்லை, நாளைய வியாபாரம்தான் அவருக்குச் சொத்து. ஒரு தட்டுக்கு 800 ரூபாய் வாங்குகிற இடத்தில் ஆறிப்போன சாப்பாடு வந்தால் அதை எழுத எனக்குத் தயக்கமே இல்லை. என்ன எடைக்கல் இது, இரண்டு பேருக்கு இரண்டா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆம், இரண்டுதான். கெட்டுப்போன பொருளை விற்றால் மட்டும் சின்னது பெரியது பார்க்க முடியாது.

அந்தச் சுறாப்புட்டுக் கடை இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார், அடுப்பை மருமகள் பார்த்துக்கொள்கிறார். தடைக்காலத்தில் புட்டு கிடையாது என்று இப்போது சிலேட்டிலேயே எழுதிப் போட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதமும் கருவாட்டுக் குழம்புதான், நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்டது. நான்கு தடவை சாப்பிட்டிருக்கிறேன், எல்லாம் என் காசில், நான்கும் வேலைநாள் பகலில். காரம் தூக்கல், புளி அளவு, எண்ணெய் மேலே நிற்கும். சுறாப்புட்டுதான் வேண்டும் என்றால் ஜூன் கடைசி வரை பொறுத்து, போட்டெல்லாம் இரண்டு தடவையாவது போய் வந்த பிறகு போங்கள். ஒன்றரை மணிக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு சட்டி காலி.